மணலில் ஒரு தோட்டத்துண்டு: எழுவான்கரையில் மரக்கறி வளர்க்க முழுமையான வழிகாட்டி

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதை நம்பி ஆடியில் விதைத்தவர்கள் நாங்கள். அது 2022. மரக்கறி விலை ஏறி, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடம். வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்ததும் அப்போதுதான். களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் நாற்பது பேர்ச் வளவு ஒன்று பற்றை மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர் குடும்பத்தோடு வெளிநாட்டில். ஊரில் இருக்கும் அவருடைய பெரியம்மாவிடம் கேட்டு, ஐந்து வீட்டார் சேர்ந்து துண்டு பிரித்து எடுத்தோம். ஆடி பிறந்த கையோடு கொத்தி விதை போட்டோம். பத்தாம் நாள் கச்சான் காற்று பிடித்தது. முளைத்து நின்ற வெண்டி இலையெல்லாம் பொரித்த அப்பளம் போல ஓரம் சுருண்டு கருகிப் போயிற்று.

அந்தப் பழமொழி தமிழ்நாட்டு வானத்தைப் பார்த்துச் சொன்னது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஆடி என்றால் மேற்கிலிருந்து தீ மாதிரி வீசும் காற்றும், அடி தெரியும் கிணறும்தான். இதைச் சொல்லித்தர எங்களுக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் தேவைப்பட்டன. நீங்கள் அந்த வருடத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதுவது எழுவான்கரை மணலுக்கு, அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலான கரைக்கு. கல்லடி, ஆரையம்பதி, களுதாவளை, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கடலோரமாகப் போகும் மண்ணெல்லாம் ஏறத்தாழ இதே சாதி. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் மண் கனமானது. அங்கே தண்ணீர் தேங்குவதுதான் தலையிடி. யானை வேறு வரும். அங்குள்ளவர்கள் பாத்தியையும் வேலியையும் பற்றி நான் சொல்வதைத் தங்கள் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் மாதத்தைப் பிடியுங்கள்

எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. பார்க்கப்போனால் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வானம் கைவிரிக்கும். ஆகவே வருடத்தில் நடுகைக்கு இரண்டு வாசல்தான் உண்டு.

முதல் வாசல் ஐப்பசி. புரட்டாசி தொடக்கத்தில் நாற்றுமேடை போட்டால், ஐப்பசி பிறந்த கையோடு கன்று நடலாம். பெருமழை இறங்கும் முன் கன்று வேர் ஊன்றி நின்றுவிட வேண்டும். அதுதான் கணக்கு. பிந்தி நட்டால் கார்த்திகை மழை கன்றைச் சாய்த்து மணலுக்குள் புதைத்துவிடும்.

இரண்டாவது வாசல் தை கடைசி, மாசி. என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், கிணறு வாய்வரை நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது, மழைக்கால அழுகல் நோய்களும் குறையும். மாசி முதல் வாரம் நட்ட கத்தரியில் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிஞ்சு பறிக்கலாம். கச்சான் காற்று வருமுன் பெரும்பாலான அறுவடை முடிந்துவிடும்.

மாரி வாசலில் பயறு, பயற்றை, வெண்டி, சோளன், மரவள்ளி எல்லாம் தாக்குப்பிடிக்கும். தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் (மிளகாய்) அடைமழை ஆகாது. பூ கொட்டும். அவற்றை மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு பிரிப்பதும் பேச்சுவார்த்தையும்

உங்கள் சொந்த வளவில் செய்வதென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பங்குத் தோட்டம் என்றால் தாண்டாதீர்கள். செடி காய்ந்து போனதைவிட, மனம் காய்ந்து போனதால் கைவிட்ட தோட்டங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாற்பது பேர்ச் என்பது கால் ஏக்கர். நடைபாதை, கிணற்றடி, எருக்குவியல் எல்லாம் போக வீட்டுக்கு ஏழு பேர்ச் அளவில் வந்தது. கயிறு பிடித்து, ஈர்க்கில் சீட்டுப் போட்டுப் பிரித்தோம். கிணற்றடித் துண்டு எல்லோருக்கும் ஆசை, தென்னை நிழல் விழும் துண்டு யாருக்கும் வேண்டாம். அதனால் வருடா வருடம் ஆவணியில் துண்டு மாறும் என்று எழுதினோம். எழுதுவது முக்கியம். அரைத்தாள் போதும். நிலம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, வளவில் நிற்கும் தென்னைகளின் தேங்காய் யாருக்கு, மோட்டர் கரண்ட் காசை எப்படிப் பிரிப்பது, சொந்தக்காரர் வந்து கேட்டால் எத்தனை மாத அவகாசம். வாழை, முருங்கை, தேசி போன்ற நின்று பலன்தரும் மரம் வைப்பதானால் பெரியம்மாவைக் கேட்டுத்தான் வைப்பது என்றும் சேர்த்தோம். இன்னொருவர் காணியில் மரம் நட்டுவிட்டுப் பிறகு உரிமை பேசுவது எங்கள் ஊரில் புதிதில்லை. அந்தப் பயம் அவருக்கு இருந்ததில் தவறும் இல்லை.

துண்டு கிடைத்ததும் முழுவதையும் கொத்தாதீர்கள். முதல் போகத்தில் இரண்டு பேர்ச் போதும். ஏன் என்பது கிணற்றைப் பார்த்தால் விளங்கும்.

கிணறு

கரையோர மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய தட்டாக மிதக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மேலிருந்து மழை நிரப்புவது மட்டும்தான் வரவு. மோட்டரைப் போட்டு ஒரே இழுப்பாக இறைத்தால் நல்ல தட்டு மெலிந்து, அடியிலிருக்கும் உவர் மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 கடல் புகுந்த பிறகு கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று மாறி மாறி இறைத்த இடங்களில் இந்தச் சங்கடம் பட்டோம். கடைசியில் உப்பைக் கழுவியது அடுத்தடுத்த மாரி மழைதான்.

ஆகவே இறைப்புக்கு முறை வையுங்கள். எங்களிடம் ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம், பிறகு கிணறு ஊற இடைவெளி. காலையில் இரண்டு வீடு, மாலையில் மூன்று வீடு. ஆனி, ஆடியில் மோட்டரையே நிறுத்திவிட்டு வாளியில் அள்ளுகிறோம். கை வலிக்கும்போது தானாகவே சிக்கனம் வரும். கிணற்றடியில் ஒரு தொட்டி கட்டி, அதில் நிரப்பி, பூவாளியால் ஊற்றுவது இன்னும் நல்லது. குழாயைப் பிடித்தபடி நின்றால் பக்கத்துத் துண்டுக்காரரோடு கதைப்பதில் பாதித் தண்ணீர் நடைபாதைக்குப் போய்விடும்.

இனிக் கணக்கு. வெயில் நாளில் ஒரு சதுர மீற்றர் பயிர் ஏறத்தாழ ஐந்து, ஆறு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கும். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றர். இரண்டு பேர்ச்சுக்கு நாளொன்றுக்கு 250 முதல் 300 லீற்றர். பத்து லீற்றர்ப் பூவாளியால் முப்பது நடை. ஏழு பேர்ச்சையும் நட்டால் நூறு நடை! முதல் வருடம் இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் மண்வெட்டியை அத்தனை உற்சாகமாகத் தூக்கியிருக்க மாட்டோம்.

மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் இரட்டிப்பாக ஊற்றினால் அது வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். காலையும் மாலையும் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் நாக்கில் கரிக்கத் தொடங்கினால் போஞ்சி, வெங்காயம் போன்றவற்றை மறந்துவிட்டு, கீரை, முருங்கை போன்ற தாங்கும் பயிருக்கு மாறுங்கள். உவர் தண்ணீரை இலையில் படவிடாமல் அடியில் ஊற்ற வேண்டும்.

மணலுக்குத் தீனி

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

முதல் மாரியில் நான் கடையில் வாங்கிய யூரியாவைக் கைநிறையத் தூவினேன். மூன்று நாள் இலை கரும்பச்சையாக மினுங்கியது. நான்காம் நாள் மழை. அதற்கடுத்த வாரம் பழையபடி வெளிறிவிட்டது. பக்கத்துத் துண்டு மாமி வேலியில் சாய்ந்து நின்று, "என்ன மனே, கடலுக்குள்ள பெருங்காயம் கரைக்கிறியா?" என்றார். போட்ட யூரியா மழையோடு மணலில் இறங்கி நாங்கள் குடிக்கும் கிணற்றுக்கே போகிறது என்பது அப்போது தோன்றவில்லை. மணலில் பசளை நிற்க வேண்டுமென்றால், அதைப் பிடித்துவைக்க உக்கிய பொருள் வேண்டும். பசளை போடவே கூடாது என்பதல்ல என் கட்சி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியபோது வயற்காரர் பட்ட பாடு தெரியும். ஆனால் எரு இல்லாத மணலில் பசளை போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

கூட்டெருவுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. வாவியிலும், கடலோரச் சிறு நீரோடைகளான தோணாக்களிலும் அடைத்து நிற்கும் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களையை யாரும் விலை கேட்க மாட்டார்கள். கரையில் இழுத்துப்போட்டு, இரண்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட்டு, வேரை வெட்டி எறிந்துவிட்டுத் தண்டையும் இலையையும் எடுங்கள். நகர வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்ததை விட்டுவிடுங்கள். அதற்குள் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மற்றவை: வைக்கல், வேலியில் நிற்கும் கிளிசரியாக் குழை, மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், குசினிக் கழிவு.

தென்னை நிழலில் நாலடிக்கு நாலடி இடம் எடுங்கள். அடியில் காய்ந்த மட்டையும் சுள்ளியும், காற்று போக. அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்தது, அரைச் சாண் பச்சை, பிறகு கரைத்த சாணம் ஒரு வாளி, கையளவு சாம்பல். இப்படியே நாலடி உயரம் வரும்வரை அடுக்கி, கிடுகால் மூடுங்கள். நாலைந்து நாளில் உள்ளே கையை வைத்தால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் பச்சையோ ஈரமோ போதாது. நாற்றமடித்தால் ஈரம் கூடிவிட்டது, வைக்கல் சேர்த்துப் புரட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்துக்குள் கறுத்து, மண்வாசம் வரும். அதாவது ஐப்பசி நடுகைக்கு எருக்குவியலை ஆடி தொடக்கத்திலேயே போட வேண்டும். ஆடியில் செய்ய வேண்டிய தோட்ட வேலை இதுதான், விதைப்பு இல்லை.

கோழி எருவைப் புதிதாகப் போடாதீர்கள். சூடு. எங்களில் ஒரு அண்ணன் கோழிக்கூட்டிலிருந்து நேராக அள்ளிக் கொண்டுவந்து கொச்சிக்காய்க் கன்றுக்கு வைத்தார். நாற்பது கன்றில் ஏழு மிஞ்சியது. குவியலோடு சேர்த்து உக்கவைத்தால் அதைப்போல நல்ல எரு வேறில்லை.

மூன்றடி அகலம் பன்னிரண்டடி நீளப் பாத்திக்கு நான் இரண்டு கடகம் கூட்டெரு கலக்கிறேன். நட்ட பிறகு மாதமொருமுறை ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சிரட்டை. மணல் எருவைத் தின்று தீர்க்கும். ஒவ்வொரு போகமும் திரும்பப் போட வேண்டும். "போன வருடம் போட்டதுதானே" என்ற கதை இங்கே எடுபடாது.

தேங்காய் மட்டையையும் விடாதீர்கள். ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கி, மண் போட்டு மூடி, அதன் மேல் பாத்தி கட்டினால் அது மழைத்தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைக்கும். பழைய மட்டையே நல்லது. ஒரே எச்சரிக்கை கறையான். கோடையில் பாத்தி காய்ந்து கிடந்தால் மட்டைக்குள் குடியேறிவிடும். ஈரம் இருக்கும்வரை வராது.

பாத்தி: மாரிக்கு மேடு, கோடைக்குப் பள்ளம்

ஒரே வடிவப் பாத்தியை வருடம் முழுக்க வைத்திருப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. மாரியில் ஒரு சாண் உயர்த்தி மேட்டுப் பாத்தி. ஓரத்துக்குத் தென்னை மட்டையோ பாக்கு மட்டையோ முட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழையில் பாத்தி நடைபாதையாகிவிடும். மாசி நடுகைக்குப் பாத்தியை நடைபாதையை விட நாலு விரல் தாழ்த்தி, சுற்றிலும் வரம்பு வையுங்கள். ஊற்றும் தண்ணீர் அங்கேயே நிற்கும். அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது.

கன்று பிடித்ததும் மண்ணே தெரியாதபடி வைக்கல், காய்ந்த இலை, வெட்டிய தென்னோலை என்று இரண்டு மூன்று அங்குலத்துக்குப் போர்த்துங்கள். செடியின் தண்டை முட்டாமல் ஒரு சாண் தள்ளி. கோடையில் இது பாதி இறைப்பைக் குறைக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தேன். பாதியோ காலோ, எங்கள் முப்பது நடை இருபதாக வந்தது.

நாற்றும் நடுகையும்

கத்தரி, கொச்சிக்காய், தக்காளி மூன்றும் நாற்றுமேடையில். வெண்டி, பயற்றை, கீரை, சோளன், கொடிவகை நேராகப் பாத்தியில்.

நாற்றுமேடைக்கு மணலும் கூட்டெருவும் சமபங்கு. விதைக்கு முன் மேடை மேல் வைக்கலும் உமியும் போட்டு மெதுவாக எரித்துவிடுங்கள். மண்ணிலிருக்கும் பூஞ்சையும் களை விதையும் போகும். ஆறியபின் நாலு விரல் இடைவெளியில் கோடு கிழித்து, விதையை அரை அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தூவி மூடுங்கள். வைக்கலால் போர்த்தி, முளை கண்டதும் வைக்கலை எடுத்துவிட வேண்டும். மறந்தால் நாற்று நூல் போல நீளும். தக்காளி 21 முதல் 25 நாளில், கத்தரியும் கொச்சிக்காயும் 25 முதல் 30 நாளில் நடத் தயார். கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, நிழலையும் எடுத்து, வெயிலுக்குப் பழக்குங்கள்.

விதையைப் பொறுத்தவரை கத்தரியில் திருநெல்வேலி ஊதா, வெண்டியில் ஹரித என்று விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்களை நம்பி வாங்கலாம். எந்தப் பக்கற் வாங்கினாலும் திகதியைப் பாருங்கள். ஒருமுறை சந்தையில் வாங்கிய தக்காளி விதை நூற்றுக்குப் பத்தும் முளைக்கவில்லை. கொண்டுபோய்க் கேட்டால், "மண் சரியில்லை தம்பி" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து வாங்கியதும் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்கிறேன். ஏழு முளைத்தால் விதைப்பேன்.

நடுவது மாலை நாலு மணிக்குப் பிறகு. கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி, வரிசைக்கு மூன்றடி. கொச்சிக்காய்க்கு ஒன்றரையும் இரண்டும். நெருக்கி நட்டால் கூட வரும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. வருவது பூச்சிதான். நட்ட கன்றுக்கு மூன்று நாளைக்கு வாழை மட்டைத் துண்டோ தென்னோலையோ குத்தி நிழல் கொடுங்கள்.

கீரை விதையை எறும்பு தூக்கிப் போய்விடும். விதையோடு மணல் கலந்து தூவி, பாத்தியைச் சுற்றிக் குறுநொய் அரிசியைப் போடுங்கள். எறும்பு அரிசிக்குப் போகும், விதை தப்பும். மாமி சொன்ன வித்தை, பிழைத்ததில்லை. 25 நாளில் கீரைச் சுண்டல் சாப்பிடலாம். தொடங்கியவருக்கு முதல் மாதத்திலேயே சட்டியில் ஏதாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் உள்ளவர்களின் முகம் மாறிவிடும்.

கரட், கோவா, லீக்ஸ் எல்லாம் நுவரெலியா குளிருக்குப் பிறந்தவை. ஆசைக்குக்கூட வேண்டாம்.

அழையா விருந்தாளிகள்

கட்டாக்காலி மாட்டில் தொடங்குவோம். ஒரே இரவில் ஒரு போகத்தை முடிக்கக்கூடியது அதுதான். 2023 மாசியில் படலை சாத்தப்படவில்லை. யார் கடைசியாக வந்தது என்பதில் இரண்டு வீடு மூன்று மாதம் கதைக்கவில்லை. கிளிசரியாக் கதியால் நெருக்கமாக நட்டு, இடையில் முட்கம்பி மூன்று வரி. படலைக்கு உள்ளிருந்து தானாக விழும் கொளுக்கி. ஆளை நம்பாமல் கொளுக்கியை நம்பினோம், சண்டை நின்றது.

கோழிக்கு நாற்றுமேடை மீது பழைய மீன்வலை. மீன்வலை எங்கள் கரையில் கிடைக்காத பொருளா? அணிலுக்கும் கிளிக்கும் அதே வலை. மயிலுக்கு ஒன்றும் சரிவரவில்லை, பயற்றைப் பூவைக் கொத்தித் தின்றுவிட்டு வேலியில் ஏறி நின்று அகவுகிறது.

பூச்சிக்கு முதல் மருந்து காலை நடை. தினமும் இருபது நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். கொச்சிக்காய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, வெண்டி இலை நரம்பு மஞ்சளாகப் பின்னல் போட்டால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. வைரசு பிடித்த செடிக்கு வைத்தியமில்லை, பிடுங்கி எரியுங்கள். மனம் கேட்காது, பூவும் பிஞ்சுமாக நிற்கும். ஒன்றை விட்டால் வரிசை போகும். கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, வாடிய இடத்துக்குக் கீழே நாலு விரல் விட்டு நறுக்கி அழியுங்கள். பச்சையாக நின்ற கத்தரியோ தக்காளியோ ஒரே நாளில் தொய்ந்து விழுந்தால் அது மண்ணிலுள்ள பற்றீரியா வாடல். அந்தப் பாத்தியில் அடுத்த போகம் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றையும் வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். பயற்றையோ சோளனோ வைக்கலாம். சோளனில் குருத்துக்குள் ஈரமான மரத்தூள் போலத் தெரிந்தால், 2018இல் இலங்கைக்குள் வந்து அம்பாறைச் சோளனைப் பதம்பார்த்த படைப்புழு. குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலும் சாம்பலும் போடுகிறோம், சிறு தோட்டத்துக்கு அது போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு நல்லது. லீற்றருக்கு ஐம்பது கிராம் பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் பயனில்லை. வாரம் ஒருமுறை, மழை பெய்தால் மறுபடியும். பாகல், புடோல் பிஞ்சைப் பழ ஈ குத்தாமல் இருக்க, விரல் நீளம் வந்ததும் பழைய பத்திரிகைத் தாளில் பை செய்து கட்டிவிடுவது மலிவான வழி. ஆபிரிக்க நத்தையை மாரி இரவில் டோர்ச் பிடித்துப் பொறுக்க வேண்டும், வெறுங்கையால் தொடாதீர்கள், பாத்தியில் உப்புத் தூவாதீர்கள். உப்பு வாளியில் இருக்கட்டும்.

மனிதக் கள்ளனும் உண்டு. தேங்காய்க்கும் வாழைக்குலைக்கும்தான் ஆசை, வெண்டிக்காய் தேடி யாரும் வேலி பாய்ந்ததில்லை.

அடைமழை நாட்கள்

கார்த்திகை, மார்கழியில் தோட்டத்துக்குப் போக மனம் வராது. போங்கள். ஐப்பசியிலேயே வளவின் தாழ்ந்த பக்கத்தைக் கண்டுபிடித்து வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். ஒழுங்கைக்குத் தண்ணீரை விட்டால் அயலவரோடு வழக்கு வரும், அதனால் எங்களுடையது மூலையில் வெட்டிய குழிக்குப் போகிறது. தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் வேரில் நின்றால் கத்தரியும் பப்பாசியும் தாங்காது. வடிந்தபின் மண்ணை மெல்லக் கிளறி, சேறு படிந்த கீழ் இலைகளை வெட்டிவிட்டு, ஒரு வாரம் எருவோ பசளையோ போடாமல் விடுங்கள். வேர் மூச்சுவிட்ட பிறகு சாப்பிடட்டும்.

காற்றுக்குப் பந்தல்கம்பு ஒன்றரை அடி ஆழம் போக வேண்டும். மணலில் ஓரடி என்பது கம்பை நிமிர்த்திவைத்த மாதிரி மட்டும்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மாமி, வானம் கறுத்தாலே பந்தலிலிருந்து முற்றிய காயெல்லாம் பறித்துவிடுவார். பாதி நாள் வெறும் பயம்தான். மீதிப் பாதியில் அவருடைய புடோல் மட்டும் தப்பியிருக்கும்.

கோடையில் என்ன செய்வது

வைகாசி கடைசியில் சுருக்கிக்கொள்ளுங்கள். ஏழு பேர்ச்சில் ஒரு பேர்ச் போதும்: கீரை, பசளி, கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, நான்கைந்து கொச்சிக்காய்ச் செடி. மரவள்ளி, முருங்கை, வற்றாளைக்கொடி தாங்களாகவே பார்த்துக்கொள்ளும். மற்றப் பாத்திகளில் மாசி, பங்குனியின் கடைசி ஈரத்திலேயே பயறு விதைத்து, பூக்கும்போது மடக்கிப் புதைத்துவிட்டு, மேலே ஓலையைப் போர்த்தி உறங்கவிடுங்கள். வெறும் மணலை வெயிலுக்குத் திறந்து வைத்தால் நீங்கள் சேர்த்த எருவெல்லாம் எரிந்துபோகும். மேற்குப் பக்க வேலியில் கிடுகை இரட்டையாகக் கட்டினால் கச்சான் காற்றின் முதல் அடி அதில் விழும்.

பறிப்பதும் விதை எடுப்பதும்

வெண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் விறகாகிவிடும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும், பயற்றையும் அப்படியே. சித்திரையில் ஒரே நேரத்தில் எல்லார் துண்டிலும் கத்தரிக்காய் குவியும். அதற்காகவே இப்போது நாங்கள் கூடிப் பேசி, ஒருவர் கத்தரி என்றால் மற்றவர் பாகல் என்று பிரித்து நடுகிறோம். அப்படியும் மிஞ்சினால் வத்தல் போடலாம், சித்திரை வெயில் அதற்காவது உதவட்டும்.

விதைக்கு நல்ல செடியொன்றைத் தெரிந்து, சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துக் கறி வைத்துவிடுவார்கள். ஒட்டு இனத்தில் எடுத்த விதை தாயைப் போல வராது, நாட்டு இனத்தில் மட்டும் எடுங்கள். கத்தரியை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து கழுவி, தண்ணீரில் அமிழும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து, காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில், வெயில் படாத இடத்தில் வைக்கலாம். போத்தலில் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். கத்தரி விதையும் கொச்சிக்காய் விதையும் உலர்ந்தபின் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாமி எழுதி ஒட்டுவதில்லை, எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பார். இந்த வருடம் அவருடைய கத்தரிப் பாத்தி இரண்டும் கொச்சிக்காய். கறிக்குக் கத்தரிக்காய் என் துண்டில்தான் பறிக்கிறார்.